ஐரிஷ் குடும்பத்தின் வீட்டில் வார இறுதி: என்ன கொண்டுபோகலாம், எப்படி இருக்கலாம்?

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். செப்டம்பரில் இருந்து அயர்லாந்தில் கால்வேயில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். வெளிநாட்டு மாணவர்களை ஒரு வார இறுதிக்கு உள்ளூர்க் குடும்பங்களோடு தங்க வைக்கிற ஏற்பாடு ஒன்று இங்கே இருக்கிறது. சும்மா பெயர் கொடுத்து வைத்தேன், இப்போது மின்னஞ்சல் வந்துவிட்டது. அக்டோபர் கடைசித் திங்கள் இங்கே பொது விடுமுறை என்பதால் சனி மதியம் போய்த் திங்கள் மாலை திரும்ப வேண்டும்.

வீடு டியூம் என்கிற ஊருக்கு வெளியே இருக்கிறது. கால்வேயில் இருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம், கடலூரில் இருந்து புதுச்சேரி போவதை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கணவன், மனைவி, கணவரின் அப்பா என்று மூன்று பேர். பிள்ளைகளில் ஒருவர் டப்ளினிலும் இன்னொருவர் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்களாம். மாடு, ஆடு எல்லாம் உண்டு. அந்த அம்மா எனக்கு எழுதிய கடிதத்தில் பாதிக்கு மேல் குளிரைப் பற்றித்தான். ரப்பர் பூட்ஸ் தருகிறோம், கால் அளவு சொல் என்று கேட்டிருந்தார். அதை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

மற்றது எதுவும் புரியவில்லை. நான் சைவம். கேக்கில் முட்டை இருந்தால் பரவாயில்லை, முட்டையைத் தனியாகச் சாப்பிட மாட்டேன். இதை எப்படிச் சொன்னால் அவர்களுக்குச் சங்கடம் இல்லாமல் இருக்கும்? அம்மா பண்ருட்டி முந்திரி ஒரு பெரிய பொட்டலம் கொடுத்து அனுப்பியிருக்கிறார், அது பரிசுக்குப் போதுமா? ஞாயிறு காலையில் சர்ச்சுக்குப் போவார்கள் போல இருக்கிறது, கூடப் போகலாமா, வீட்டிலேயே இருந்துவிடலாமா? அப்புறம் அவர்களை எப்படிக் கூப்பிடுவது? ஐம்பது வயதுக்கு மேல் இருக்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது.

போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்பாவைக் கேட்டால் "அடக்கமா இருந்துட்டு வா" என்பதோடு முடித்துக்கொண்டார்.

---

தேவனாம்பட்டினத்தான் எழுதியது:

தங்கச்சி, நான் லிமெரிக்கில் படித்தவன். இதே மாதிரி டிப்பரரிப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் தங்கியிருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

சாப்பாட்டு விஷயத்தை இன்றைக்கே எழுதிவிடு. "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் சில வீட்டில் மீன் வரும், கோழிச் சாறு போட்ட சூப் வரும். அவர்கள் மேல் தப்பில்லை. எதைச் சாப்பிட மாட்டாய் என்பதை விட எதைச் சாப்பிடுவாய் என்று எழுது. உருளைக்கிழங்கு, பாஸ்தா, சீஸ், பீன்ஸ், ரொட்டி, காய்கறி. அந்த அம்மாவுக்குக் கடைக்குப் போகும்போது அதுதான் உதவும்.

ஞாயிறு மதியச் சாப்பாடுதான் வாரத்திலேயே பெரிய சாப்பாடு. மாட்டிறைச்சியையோ ஆட்டுக்காலையோ ஓவனில் வைத்து வாட்டுவார்கள். பக்கத்தில் பொன்னிறமாக வறுத்த உருளைக்கிழங்கு இருக்கும். அதைப் பல வீடுகளில் அந்தக் கொழுப்பிலேயே வறுப்பது வழக்கம். தட்டில் பார்த்தால் வெறும் கிழங்குதான், கேட்டால்தான் தெரியும். மேலே ஊற்றுகிற கிரேவியும் இறைச்சிச் சாறு. காலை உணவில் கறுப்பாக வட்டமாக வறுத்து வைத்திருப்பது பன்றி இரத்தத்தில் செய்தது, பக்கத்தில் வெள்ளையாக இருப்பதில் இரத்தம் இல்லை, ஆனால் அதுவும் பன்றிதான். மசித்த கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். வெண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நீயே பார்ப்பாய்.

குளியலறையை முதல் நாளே ஒரு தடவை காட்டச் சொல். கூரையில் இருந்து ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால்தான் ஷவருக்கு மின்சாரம் போகும், இல்லாவிட்டால் பச்சைத் தண்ணீர்தான். சில வீட்டில் இம்மர்ஷன் என்று தனி சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டுவிட்டுத் தண்ணீர் சுடக் காத்திருக்க வேண்டும். அதை அணைக்காமல் போவது அயர்லாந்தில் பெரிய குற்றம். அப்பா அம்மா எல்லோரும் பிள்ளைகளைத் திட்டுகிற விஷயம் அதுதான். ஹீட்டிங்கும் அப்படித்தான். கிராமத்தில் பெரும்பாலும் எண்ணெய் பாய்லர், எண்ணெய் காசு. ஆகவே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இரு. இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், ஒரு காலி தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துக்கொள். கழிவறையில் குவளை எல்லாம் கிடையாது.

பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஆன்ட்டி, அங்கிள் என்றால் அவர்களுக்குச் சிரிப்பு வரும். வாய் வராவிட்டால் பெயரே சொல்லாமல் முகத்தைப் பார்த்துப் பேசு, நான் அப்படித்தான் சமாளித்தேன்.

டீ வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னால் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் ஊர் விருந்தோம்பல்தான். வாங்கிக்கொள். குடித்த கோப்பையைக் கழுவி வை.

முக்கியமானது இது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் பார்க்காதே. நம் பிள்ளைகள் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று ஒதுங்குகிறார்கள். அவர்களுக்கோ "இந்தப் பெண்ணுக்கு இங்கே பிடிக்கவில்லை போல" என்று தோன்றும். சமையலறையில் போய் உட்கார். முடிந்தால் ஒரு வேளை நீயே சமைத்துப் போடு. சாம்பார் சாதம் வைத்தால் அசந்துவிடுவார்கள்.

---

முத்தியால்பேட்டை அக்கா எழுதியது:

தேவனாம்பட்டினம் தம்பி சொன்னதில் எல்லாம் சரி, அந்தச் சாம்பாரைத் தவிர. அடுத்தவர் வீட்டு அடுப்படியில் போன உடனே சாம்பார் வைக்கிறேன் என்று இறங்காதே பாப்பா. குளிர் நாட்டில் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். பெருங்காய வாசனை அவர்கள் கோட்டில் ஏறி ஒரு வாரம் நிற்கும். என் மகன் பாரிஸில் அப்படிச் செய்துவிட்டு வீட்டுக்காரம்மா முகம் போன போக்கை இன்றைக்கும் சொல்லுவான். வேண்டுமானால் கேட்டுக்கொண்டு, கிளம்புகிற நாளில், சின்னதாக ஏதாவது செய். அவர்கள் வீட்டில் இருக்கிற பொருளிலேயே செய்தால் இன்னும் நல்லது.

முந்திரி நல்ல பரிசுதான், ஆனால் முதலில் அந்த வீட்டில் யாருக்காவது நட்ஸ் ஒவ்வாமை இருக்கிறதா என்று கேள். வெளிநாட்டில் அது உயிர் போகிற விஷயம். பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீடாக இருந்தால் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

இனிமேல் கிளம்பப் போகிற பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பால்கோவா, நெய், பன்னீர் மாதிரி பால் பொருட்களையும் இறைச்சி, கருவாடு வகையறாவையும் பரிசு என்று கட்டிக்கொண்டு போகாதீர்கள். வெளியில் இருந்து வருகிறவர்கள் பாலும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. மீனுக்கும் கட்டுப்பாடு உண்டு. விமான நிலையத்திலேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள். திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை வாங்கிக்கொள்ளுங்கள், கனமே இருக்காது. வில்லியனூர் சுடுமண் பொம்மை இன்னும் அழகு, ஆனால் பெட்டியில் உடையாமல் போய்ச் சேர்ந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

சர்ச் பூசைக்குத் தாராளமாகப் போ. நற்கருணை, அதாவது பாதிரியார் தருகிற அப்பம், வாங்க எல்லோரும் வரிசையில் எழுந்து போவார்கள், அப்போது நீ இருக்கையிலேயே உட்கார்ந்துகொள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

---

ஓ.டி. பையன் எழுதியது:

ரெண்டு நாளைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா! சரி, எனக்கு ஒரு சந்தேகம். இதுக்கு அந்தக் குடும்பத்துக்கு யாராவது பணம் கொடுக்கிறார்களா? ஹோஸ்ட் ஃபேமிலி என்றால் வாரத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

---

தேவனாம்பட்டினத்தான் எழுதியது:

தம்பி, நீ சொல்வது வேறு. ஸ்பெயின், இத்தாலி, பிரேசில் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றுக்கொள்ள வந்து வாரக்கணக்கில் குடும்பங்களோடு தங்குவார்கள். அதற்குக் காசு உண்டு, அங்கே பல வீடுகளுக்கு அது ஒரு வருமானம். தங்கச்சி போவது விருந்தாளியாக. பஸ் காசு மட்டும்தான் அவள் செலவு. அதனால்தான் நான் பாத்திரம் கழுவு என்கிறேன்.

---

நெல்லித்தோப்பு வாத்தியார் எழுதியது:

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். டியூம் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மகளே, உங்கள் கெடிலம் கரையில் தேவனாம்பட்டினத்தில் இருக்கிற செயின்ட் டேவிட் கோட்டையை 1758 ஜூனில் ஆங்கிலேயரிடம் இருந்து பிடித்து இடித்தவர் பிரெஞ்சுத் தளபதி லாலி. பிறந்தது பிரான்ஸில், ஆனால் அப்பா அயர்லாந்துக்காரர். எந்த ஊர் என்றால், நீ போகிற டியூமுக்குப் பக்கம். இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் பக்கம் நின்று தோற்று, பிரான்ஸுக்குக் கப்பலேறிய ஐரிஷ் படைவீரர்களில் அவரும் ஒருவர். லாலி-தொலாந்தால் என்று பெயரோடு ஒட்டியிருப்பது அந்தக் குடும்பத்தின் பூர்வீக நிலம்.

இதில் இன்னொரு வேடிக்கை. 1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலியைத் தோற்கடித்தாரே ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், அவரும் அயர்லாந்தில் லிமெரிக் மாவட்டத்தில் பிறந்தவர்தான். ஆக, தமிழ்நாட்டில் யார் ஆள்வது என்று பிரான்ஸும் இங்கிலாந்தும் அடித்துக்கொண்ட சண்டையில் இரண்டு பக்கத் தளபதிக்கும் வேர் அயர்லாந்து. அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது, நகரத்தை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். லாலியைத் துரோகி என்று சொல்லி 1766இல் பாரிஸில் தலையை வெட்டினார்கள். அதே கூட் 1781இல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியோடும் மோதினார். கடலூர் மாவட்டத்துப் பெண்ணுக்கு டியூமில் பேச இதை விட என்ன வேண்டும்?

ஒன்றை மட்டும் நீயாக எடுக்காதே. அந்த ஊரில் திருமணமாகாத தாய்மார்களை அடைத்து வைத்த கன்னியர் இல்லம் ஒன்று 1925இல் இருந்து 1961 வரை நடந்தது. அங்கே இறந்த 796 குழந்தைகளின் பதிவுகளைக் கேதரின் கோர்லெஸ் என்ற உள்ளூர்ப் பெண்மணி தேடி எடுத்தார். அடக்கம் செய்த பதிவுகள் இல்லை. 2014இல் அது உலகம் முழுக்கச் செய்தியானது, 2025இல் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். அந்த ஊர்க்காரர்களில் யாருடைய அத்தை, யாருடைய அண்ணன் அதில் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அவர்களே பேசினால் கேள், இல்லாவிட்டால் விட்டுவிடு.

---

கெடிலக்கரை எழுதியது:

போய் வந்துவிட்டேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்லாவிட்டால் ஓ.டி. அண்ணன் சும்மா விட மாட்டார்.

டியூமில் பஸ் நிறுத்தத்துக்கே வந்து அழைத்துப் போனார்கள். வழியெல்லாம் கல்லை அடுக்கிக் கட்டிய குட்டைச் சுவர், இடையில் சிமெண்டே கிடையாது. வீடுகளுக்குக் கதவு எண்ணும் தெருப் பெயரும் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழு எழுத்தில் ஒரு குறியீடு, ஏர்கோட் என்கிறார்கள், 2015இல்தான் வந்ததாம். அதை அம்மாவுக்கு அனுப்பிவைத்தேன், அவர் போனில் வீட்டின் கூரையையே பார்த்துவிட்டு "ஓட்டு வீடா?" என்று கேட்டார்.

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. தேவனாம்பட்டினம் அண்ணன் சொன்னபடியே எழுதியிருந்தேன். எனக்கென்று தனித் தட்டில் எண்ணெயில் வறுத்த கிழங்கு. சனிக்கிழமை இரவு கால்கனன் செய்தார்கள், ஹாலோவீன் சமயத்தில் செய்வதாம். மசித்த உருளைக்கிழங்கில் வேகவைத்த கேல் கீரையைக் கலந்து, நடுவில் குழி பறித்து, அதில் ஒரு வெண்ணெய்த் துண்டு. அது உருகிக் குளமாக நிற்கும், ஓரத்தில் இருந்து எடுத்து எடுத்து அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். மிளகு மட்டும் நான் கூடப் போட்டுக்கொண்டேன்.

ஆறு மணிக்குத் தாத்தா தொலைக்காட்சியைப் போட்டார். செய்தி வரும் என்று பார்த்தால் மணிச் சத்தம். ஒரு நிமிடம் மணி மட்டும் அடிக்கிறது, திரையில் யார் யாரோ வேலையை நிறுத்திவிட்டு யோசித்துக்கொண்டு நிற்கிறார்கள். தாத்தா கண்ணை மூடிக்கொண்டார், அந்த அம்மா அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். மணி முடிந்து ஆறு ஒன்றுக்குத்தான் செய்தி. அரசுத் தொலைக்காட்சியில் தினமும் இப்படியாம்.

இனி தாத்தாவின் கொட்டகை. இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் கூரை தொட டர்ஃப் அடுக்கியிருந்தது. சதுப்பு நிலத்தில் வெட்டி எடுத்து வெயிலில் காயவைத்த மண்கட்டி. செங்கல்லை விட நீளம், கறுப்புப் பழுப்பு நிறம். கையில் எடுத்தால் கனமே இல்லை. உடைத்துப் பார்த்தால் உள்ளே வேர், புல், ஒரு சின்னக் குச்சி எல்லாம் அப்படியே தெரிகிறது. சுவரில் ஒரு பழைய மண்வெட்டி மாட்டியிருந்தது, ஓரத்தில் இறக்கை வைத்தது. தாத்தா சின்ன வயதில் அதைக் கொண்டுதான் வெட்டுவாராம். இப்போது இயந்திரம். ஆனால் வெட்டிப் போட்ட ஈரக் கட்டிகளைக் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றன் மேல் ஒன்று சாய்த்து நிறுத்தி, காற்று புகும்படி அடுக்குவது இன்றைக்கும் கைவேலைதான். மே, ஜூனில் குடும்பமே போக வேண்டும். "அந்த வேலையில் இருந்து தப்பிக்கத்தான் என் பேரன் ஆஸ்திரேலியாவுக்குப் போனான்" என்கிறார்.

எனக்கு அப்பா நினைவு வந்தது. அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் மாவட்டத்திலும் இதற்கு அண்ணன் ஒன்றைத் தோண்டுகிறோம், பழுப்பு நிலக்கரி, என்று சொன்னேன். தாத்தா விடவில்லை, போன் போடு என்றார். நம் ஊரில் இரவாகிவிட்டது, அப்பா லுங்கியோடு உட்கார்ந்திருக்கிறார். வீடியோவில் தாத்தா ஒரு கட்டியைத் தூக்கிக் காட்டினார். என் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஈரம் எத்தனை சதவீதம்?"

அப்புறம் நான் வெறும் மொழிபெயர்ப்பாளர்தான். வெட்டும்போது பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்றார் தாத்தா. எங்கள் கரியில் பாதி தண்ணீர் என்றார் அப்பா. சாம்பல் எவ்வளவு, புகை எப்படி, ஆழம் எவ்வளவு என்று ஒரே விசாரணை. சதுப்பு நிலம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும், ஒரு மீட்டர் சேர ஆயிரம் ஆண்டு. அது இன்னும் கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்கு அடியில் அழுந்திக் கிடந்தால்தான் எங்கள் கரி என்று அப்பா சொன்னதும், "அப்படியானால் நாங்கள் அவசரப்பட்டு எடுத்துவிட்டோம்" என்றார் தாத்தா. இங்கே டர்ஃப் எரித்து மின்சாரம் எடுத்த பெரிய நிலையங்கள் இரண்டை 2020 கடைசியில் மூடிவிட்டார்கள். 2022இல் இருந்து கடையில் விற்கவும் தடை. சொந்தச் சதுப்பில் வெட்டி வீட்டில் எரித்துக்கொள்ளத் தடை இல்லை. அப்பா அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நிலம் கொடுத்த ஊர்க்காரர்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டார். அயர்லாந்தில் அந்தக் கதையே வேறு, ஆனால் நெய்வேலிக்காரர் அதைத்தான் கேட்பார்.

அன்று இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில் நேரம் மாறும், இப்போது நமக்கும் இவர்களுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். ஓவனில் இருக்கிற கடிகாரத்தை மட்டும் மாற்றத் தெரியாதாம், மார்ச் வரை அது அப்படியே ஓடும் என்று விட்டுவிட்டார்கள்.

பூசைக்குப் போனேன். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. பூசையை விட வாசலில் நின்று பேசியதுதான் அதிக நேரம். அங்கே பேச்செல்லாம் புயல். 2025 ஜனவரியில் ஏயோவின் என்று ஒரு புயல், கால்வே கடற்கரையில் மணிக்கு 183 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பதிவானது, இந்த நாட்டிலேயே அது வரைக்கும் இல்லாத வேகம். இவர்கள் வீட்டில் பல நாள் மின்சாரம் இல்லையாம். அந்த டர்ஃப் அடுப்புதான் காப்பாற்றியது, பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து அதில்தான் சமைத்தார்கள். நான் தானே புயலைச் சொன்னேன். 2011 டிசம்பர் 30 அதிகாலை, நான் சின்னப் பெண், பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பும் பலாவும் மொத்தமாகச் சாய்ந்து கிடந்தது நினைவிருக்கிறது. நான் கொண்டுபோன முந்திரி அதற்குப் பிறகு நட்ட மரத்தில் காய்த்ததாக இருக்கலாம் என்று சொல்லிவைத்தேன். (அக்கா, ஒவ்வாமை பற்றி முன்பே கேட்டுவிட்டேன். யாருக்கும் இல்லை.)

மதியம் மழையில் கேலிக் கால்பந்து. வீட்டுக்காரரின் தங்கை மகன் ஆடினான். பந்தைக் கையிலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். வலைக்குள் போனால் மூன்று புள்ளி, கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று. 2025இல் இருந்து தூரத்தில் இருந்து உதைத்து மேலே அனுப்பினால் இரண்டு என்று புதுக் கணக்கு வேறு. ஆடுகிற யாருக்கும் சம்பளம் கிடையாது, மாவட்ட அணிக்கு ஆடினாலும் கிடையாது. இந்தப் பையன் விடுமுறை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போவான். எனக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள், தாத்தா முன்னால் ஆர்மா என்ற பெயரை எடுக்கக் கூடாது. 2024 அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் கால்வே அவர்களிடம் ஒரே புள்ளியில் தோற்றது. கால்வே கடைசியாகக் கோப்பை வாங்கியது 2001இல்.

மாலையில் பார்ம்பிராக் வெட்டினார்கள், உலர் திராட்சை போட்ட ரொட்டி. உள்ளே ஒரு மோதிரம் வைத்திருப்பார்கள், யார் துண்டில் வருகிறதோ அவருக்கு ஒரு வருடத்துக்குள் கல்யாணம். என்னையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோதிரம் தாத்தாவுக்குப் போனது. எண்பதுக்கு மேல் வயது. "நேரமாகிறது, ஆளைச் சொல்லுங்கள்" என்றார்.

வாத்தியார் ஐயா, லாலி கதையை அப்போதுதான் எடுத்தேன். வீட்டுக்காரருக்கு அந்தக் குடும்பத்தின் பெயர் தெரிந்திருக்கிறது, கடலூர் வரை வந்தது தெரியாது. "எங்கள் ஊர்க்காரன் உன் ஊர்க் கோட்டையை இடித்தானா? மன்னித்துக்கொள்" என்றார். ஆங்கிலேயன் கோட்டைதான் என்றேன். "அப்படியானால் பரவாயில்லை" என்றார். நீங்கள் சொன்ன இன்னொன்றை நான் எடுக்கவில்லை. காரில் போகும்போது அந்த அம்மாவே ஒரு பக்கம் கையைக் காட்டி, இரண்டு வாக்கியம் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன்.

அக்கா, திங்கள் காலை அவர்கள் தோட்டத்துக் கிழங்கிலேயே பொடிமாஸ் செய்தேன். கடுகும் மஞ்சளும் மட்டும் என்னுடையது, பெருங்காயத்தை விட்டுவிட்டேன். தாத்தா அதன் மேலும் வெண்ணெய் வைத்துக்கொண்டார்.

போகிறவர்களுக்கு ஒன்று: விடுமுறைத் திங்களில் பஸ் ஞாயிற்றுக்கிழமை நேரப்படிதான் ஓடும், முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஓ.டி. பையன் எழுதியது:

வெண்ணெய்க் கணக்கைப் பார்த்தால் எனக்கே பெயர் கொடுக்கத் தோன்றுகிறது. அடுத்த வருடம் நானும் அயர்லாந்தில் கார்க் நகரத்துக்குப் படிக்கப் போகிறேன். எங்கே கேட்க வேண்டும்?

---

கெடிலக்கரை எழுதியது:

உங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகம் இருக்கும், சேர்ந்த முதல் வாரமே கேளுங்கள் அண்ணா. நான் அங்கேதான் பெயர் கொடுத்தேன். எல்லா இடத்திலும் இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

---

முத்தியால்பேட்டை அக்கா எழுதியது:

ரொட்டி சுட்டார்களா? ஈஸ்ட் இல்லாமல் மோரிலேயே செய்வார்களாமே. அளவு கேட்டு வந்தாயா?

---

கெடிலக்கரை எழுதியது:

கேட்காமல் வருவேனா! கோதுமை மாவு 225 கிராம், மைதா 225 கிராம், ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு டீஸ்பூன் உப்பு. எல்லாவற்றையும் கலந்து நடுவில் குழி பறித்து 400 மில்லி மோர். நம் வீட்டுத் தண்ணி மோர் ஆகாது, கொஞ்சம் புளித்த கெட்டி மோராக இருக்க வேண்டும். அந்தப் புளிப்பும் சோடாவும் சேர்ந்துதான் மாவு எழும்பும், அதனால் கலந்த உடனே ஓவனுக்குள் போக வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்துவிடாதீர்கள், கையால் ஒன்று சேர்த்தால் போதும், பிசைந்தால் கல்லாகிவிடும். உருட்டித் தட்டி, மேலே கத்தியால் ஆழமாகக் குறுக்கும் நெடுக்கும் கீறி, 200 டிகிரியில் நாற்பது நிமிடம் சொச்சம். எடுத்துத் திருப்பி அடியில் தட்டினால் உள்ளே காலியாக இருக்கிற சத்தம் வர வேண்டும். வந்தால் வெந்துவிட்டது.

---

முத்தியால்பேட்டை அக்கா எழுதியது:

அந்தக் கீறல் எதற்கு? சிலுவையா?

---

கெடிலக்கரை எழுதியது:

அந்த அம்மாவைக் கேட்டால் நடுப்பகுதி வேகுவதற்கு என்கிறார். தாத்தாவைக் கேட்டால் உள்ளே இருக்கிற குட்டிச் சாத்தான்கள் வெளியே போவதற்கு என்கிறார். நீங்கள் எதற்கு வேண்டுமானாலும் கீறுங்கள் அக்கா, ஆழமாகக் கீறுங்கள்.